மேடை கொடுப்பது கூலி ஆகாது

“உங்களுக்கு மேடை கொடுக்கிறோம், அதற்குமேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?” இந்திய மாநகரங்களின் சிறு கிளப்புகளில், இரவின் முதன்மைக் குழுவுக்கு முன்னால் வாசிக்க அழைக்கப்படும் ராக் குழுக்கள் ஊதியம் பற்றிப் பேச்செடுத்தவுடன் கேட்கும் பதில் இது. சொல்பவர் சில இடங்களில் கிளப் மேலாளர், சில இடங்களில் நிகழ்ச்சி அமைப்பாளர், சில இடங்களில் முதன்மைக் குழுவின் நிர்வாகி. ஆள் மாறலாம், வாக்கியம் மாறுவதில்லை. அதன் இலக்கணம் கவனிக்கத்தக்கது. ‘கொடு’ என்னும் வினைக்கு எழுவாய் கிளப். நான்காம் வேற்றுமை ஏற்று நிற்பது குழு. அரை மணி நேரம் பாடி, வாசித்து, கூடத்தில் இருப்பவர்களை அங்கேயே இருத்தி, இன்னொரு கோப்பை வாங்க வைத்துவிட்டுப் போகிறவர்கள் இந்த வாக்கியத்தில் பெறுபவர்களாகிவிடுகிறார்கள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதை வாக்கியத்திலேயே தீர்த்துவிட்டால், பிறகு கணக்கில் தீர்க்க வேண்டிய தேவை எழுவதில்லை.

‘ஓப்பனிங் பேண்ட்’ செய்வது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. அந்தக் கூலி சிறியதாக இருக்கலாம். ஆனால் அது முன்கூட்டியே சொல்லப்பட்ட தொகையாக, எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் தரப்படும் தொகையாக இருக்க வேண்டும். புகழ், வாய்ப்பு, அறிமுகம், அனுபவம் ஆகிய எதுவும் அதற்கு ஈடாகாது. இந்த எளிய கூற்றை மறுப்பதற்கு இசையுலகம் கட்டி வைத்திருக்கும் நியாயங்கள் ஏராளம். அவற்றுள் பலவற்றைப் படித்தவர்களும் திரும்பச் சொல்கிறார்கள் என்பதே இதை எழுத வேண்டியதன் காரணம்.

முதலில், அது வேலைதானா? ஒன்பது மணிக்கு மேடையேறும் குழு மாலையிலேயே கிளப்புக்கு வந்துவிட வேண்டும். சவுண்ட் செக் என்பது வாசிக்கும் வரிசைக்கு நேர் எதிரான வரிசையில் நடப்பது. கடைசியில் வாசிக்கும் முதன்மைக் குழு முதலில் தன் ஒலியைச் சரிபார்க்கும். முதலில் வாசிக்கும் குழு கடைசியில் சரிபார்க்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் உண்டு: கடைசியாகச் சரிபார்த்தவர்களின் கருவிகள் மேடையில் அப்படியே இருப்பதால் அவர்களே முதலில் தொடங்கிவிடலாம். ஆனால் முதன்மைக் குழுவின் சரிபார்ப்பு நீண்டால் அதனால் வரும் இழப்பு முழுவதும் ஓப்பனிங் பேண்டின் தலையில் விழும். கதவு திறக்கப் பத்து நிமிடம் இருக்கையில் அவர்களுக்கு மிஞ்சுவது ‘லைன் செக்’ மட்டுமே, அதாவது ஒவ்வொரு கேபிளிலும் ஒலி வருகிறதா என்னும் சோதனை. கிட்டாருக்கு மேலே குரல் கேட்கிறதா, டிரம்மருக்குத் தன் மானிட்டரில் பாஸ் கேட்கிறதா என்பதையெல்லாம் முதல் பாடலை வாசித்துக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். டிரம் செட் பெரும்பாலும் கிளப்புடையதாகவோ முதன்மைக் குழுவுடையதாகவோ இருக்கும். ஸ்னேர், சிம்பல், கால்மிதி ஆகியவற்றைத் தாங்களே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வாசித்து முடித்த சில நிமிடங்களில் அனைத்தையும் கழற்றி, அடுத்தவர்களுக்கு வழிவிட்டு இறங்க வேண்டும்.

இயற்பியலும் அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுபவை. சிறப்பாக உயர் அதிர்வெண்களை. ஆட்கள் நிறைந்த கூடத்தில் ஒலி இறுகித் தெளிவாகக் கேட்கும். காலியான கூடத்தில் அதே ஸ்பீக்கரின் ஒலி சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பி, சொற்களைக் குழப்பி, சிம்பலைக் காதைக் குத்தும் ஓசையாக்கும். இருபது பேர் நிற்கும் எட்டரை மணிக் கூடமும் இருநூறு பேர் நிற்கும் பத்து மணிக் கூடமும் ஒலியியலின் கணக்கில் இரண்டு வெவ்வேறு அறைகள். ‘முதலில் வாசித்தவர்களின் ஒலி சரியாகவே இல்லை, அதனால்தான் வெளியே நின்றோம்’ என்று சொல்பவர்கள், தாங்கள் வெளியே நின்றதும் அந்த ஒலி கெட்டதற்கு ஒரு காரணம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வளவுக்கும் அந்தக் குழுவின் அரை மணி நேரத்தில்தான் ஒலிப்பொறியாளர் அந்த இரவின் கூடத்தை அறிந்துகொள்கிறார். பாரில் விற்பனை தொடங்குகிறது. பின்னால் வரப்போகும் குழுவுக்காகக் கூட்டம் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. இதனால் பயன் பெறுகிறவர்கள் இரண்டு பேர், கிளப்பும் முதன்மைக் குழுவும். ஊதியம் இல்லாதவர்கள் மூன்றாமவர்கள்.

இந்த மூன்றாமவர்களை ஒவ்வொரு மொழியும் எப்படி அழைக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. ஸ்பானிய மொழியில் ‘தெலோனேரோ’. திரைச்சீலையைக் குறிக்கும் ‘தெலோன்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. இத்தாலிய மொழியில் ‘க்ருப்போ ஸ்பால்லா’, அதாவது தோள் கொடுக்கும் குழு. ஜெர்மனில் ‘ஃபோர்பாண்ட்’, முன்னால் வரும் குழு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘சப்போர்ட்’. பிரெஞ்சில் மட்டும் ‘பிரெமியேர் பார்த்தி’, அதாவது முதற்பகுதி. மற்ற மொழிகளின் சொற்கள் அந்தக் குழுவை இன்னொன்றுக்குத் துணையாகவோ திரையாகவோ முன்னோட்டமாகவோ காண்கின்றன. பிரெஞ்சுச் சொல்லோ நிகழ்ச்சி என்னும் முழுமையின் ஒரு பகுதி என்கிறது. சொல்லே சட்டத்தை உண்டாக்கியது என்று வாதிடுவது மொழியியலில் பொறுப்பற்ற பேச்சு. ஆயினும் பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறது என்பது அறியத்தக்கது: ஊதியத்திற்காக மேடையேற்றப்படும் நிகழ்த்துகலைஞர், வேறுவிதமாக நிறுவப்படாதவரை, தொழிலாளியாகவே கருதப்படுகிறார். ஓராண்டில் 507 மணி நேர வேலையைக் காட்ட முடிந்தவருக்கு, வேலையில்லாத நாட்களுக்கான உதவித்தொகைக்கும் உரிமை உண்டு. அங்கே முதற்பகுதியில் சம்பளத்துடன் வாசித்த ஓர் இரவு அந்தக் கணக்கில் ஏறும். அங்கும் சுரண்டல் உண்டு, குறுக்குவழிகள் உண்டு. ஆனால் பேச்சு தொடங்கும் இடம் வேறு.

இந்தியச் சட்டத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்திருக்கிறது. ‘கிக்’ என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர்கள் தங்கள் ஓரிரவு வேலையைக் குறிக்கப் புழங்கிய கொச்சைச் சொல். அது இசையிலிருந்து வெளியேறி, உணவு கொண்டு செல்பவரையும் வாடகை வண்டி ஓட்டுபவரையும் குறிக்கும் பொருளாதாரச் சொல்லாக வளர்ந்து, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் ‘கிக் தொழிலாளர்’ என்று இடம்பெற்றது. ராஜஸ்தான் 2023இல் செயலிவழி கிக் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அவை தேவையான சட்டங்கள். ஆனால் அந்தச் சொல்லைப் பெற்றெடுத்த தொழிலில் இருப்பவர், இந்தியக் கிளப் ஒன்றில் ‘கிக்’ வாசித்துவிட்டு இறங்கும்போது, தொழிலாளர் என்ற பெயரை நடைமுறையில் யாரும் அவருக்குத் தருவதில்லை. சொல் சட்டத்துக்குள் போய்விட்டது. அந்தச் சொல்லுக்கு உரியவர் வாசலில் நிற்கிறார்.

இனி நியாயங்கள். அவற்றுள் மிகப் பழையதும் மிகப் பிரியமானதும் ஹாம்பர்க் கதை. பீட்டில்ஸ் குழு ஹாம்பர்க்கின் சிற்றரங்குகளில் இரவு இரவாக வாசித்துத் தேறியது; எனவே இளம் குழுக்கள் கஷ்டப்படத்தான் வேண்டும் என்பது வாதம். மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய நூலுக்குப் பின் இக்கதை ‘பத்தாயிரம் மணி நேரம்’ என்னும் மந்திரமாகி, மேலாண்மை வகுப்புகள்வரை பரவிவிட்டது. மணி நேரத்தை எண்ணுபவர்கள் மார்க்குகளை எண்ண மறந்துவிடுகிறார்கள். 1960 ஆகஸ்டில் இந்திரா கிளப்பில் வாசிக்கத் தொடங்கிய அந்த ஐவருக்கும் ஒப்பந்தம் இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 ஜெர்மன் மார்க். வார நாட்களில் நாலரை மணி நேரம் வாசிக்க வேண்டும். தங்குமிடம் ஒரு திரையரங்கின் திரைக்குப் பின்னால் இருந்த இருட்டறை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கிளப் முதலாளி புருனோ கோஷ்மிடர் கலைப்புரவலரும் அல்லர். ஆனால் அவர்கூட ‘உங்களுக்கு மேடை கொடுக்கிறேன், அதுவே போதும்’ என்று சொல்லவில்லை. கடும் உழைப்பின் உவமையாக உலகம் முழுவதும் சொல்லப்படும் கதை, உண்மையில் கூலி வேலையின் கதை. கூலி இருந்ததால்தான், லிவர்பூலின் நடுத்தர, உழைக்கும் வர்க்கக் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள் வீட்டுப் பணமின்றி மாதக்கணக்கில் அந்நிய நகரத்தில் தங்கி வாசிக்க முடிந்தது. கூலியை நீக்கிவிட்டு உழைப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் கதைசொல்லல் ஒரு மோசடி.

அடுத்தது நியூயார்க்கின் சிபிஜிபி. 1973இல் ஹில்லி கிறிஸ்டல் திறந்து 2006வரை நடத்திய அந்த நெரிசலான பாரில், 1975 ஜூனில் ரமோன்ஸ் குழுவுக்கு முன்னால் ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற புதிய குழு வாசித்தது. ஓப்பனிங் பேண்டின் புராணத்தில் இது ஒரு பொன்னிரவு. ஆனால் அந்த இரவு வானத்திலிருந்து விழவில்லை. அங்கே சொந்தப் பாடல்களைத்தான் வாசிக்க வேண்டும் என்பது கிறிஸ்டலின் விதி. அடுத்தவர் பாடல்களை வாசித்துப் பிழைக்கும் பார்களுக்கு நடுவே அது ஒரு விலக்கு. ‘டாக்கிங் ஹெட்ஸ்’ குழுவின் டேவிட் பைர்ன் 2012இல் வெளியிட்ட இசை பற்றிய நூலில், ஓர் இசைச் சூழல் உருவாகத் தேவையானவற்றைப் பட்டியலிடுகிறார். பொருத்தமான அளவுள்ள கூடம், சொந்தப் பாடலுக்கு இடம், குறைந்த வாடகை, குழுக்களுக்கு நியாயமான ஊதியம் ஆகியவை அதில் உள்ளன. மேதைமை தானாக முளைக்கும் என்று அவர் சொல்லவில்லை. வாடகையும் கூலியும் அவர் பட்டியலில் இருக்கின்றன.

இதன் எதிர்த்துருவம் 1980களின் லாஸ் ஏஞ்சலிஸ். சன்செட் ஸ்டிரிப் பகுதியில் ராக் குழுக்கள் பெருகியபோது, கிளப்புகள் ‘பே டு பிளே’ என்னும் முறையைக் கொண்டுவந்தன. வாசிக்க விரும்பும் குழு, டிக்கெட்டுகளைக் கட்டாகப் பணம் கொடுத்து வாங்கி, தானே விற்றுக்கொள்ள வேண்டும். விற்றால் பணம் திரும்பும். விற்காவிட்டால் நஷ்டம் குழுவுக்கு. மேடை கொடுப்பது என்னும் தத்துவத்தின் நேர்மையான இறுதிப்புள்ளி இதுதான்: மேடை உண்மையிலேயே கொடை என்றால் அதற்கு விலை வைப்பதில் தவறென்ன? ‘வாய்ப்பே கூலி’ என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு, வாய்ப்புக்குக் கட்டணம் கேட்கும்போது மறுத்துப் பேச வாதம் மிஞ்சாது.

இந்தியாவில் அந்த முறை அப்பட்டமாக வராத இடங்களிலும் அதன் தம்பி வந்துவிட்டது. ‘எத்தனை பேரைக் கூட்டி வருவீர்கள்?’ என்பதே முதல் கேள்வி. பாடல்கள் எப்படி என்பது இரண்டாவது. கேள்வியின் பொருள், நுழைவுக்கும் மதுவுக்கும் பணம் செலவழிக்கக்கூடிய நண்பர்கள் உங்களுக்கு எத்தனை பேர் என்பதே. விடுதியில் தங்கிப் படிக்கும், சிறுநகரத்திலிருந்து வந்த, மாதக் கடைசியில் தேநீருக்குக் கணக்குப் பார்க்கும் இளைஞரின் நண்பர்களும் அவரைப் போன்றவர்களே. தனியார் பள்ளியில் படித்து, வீட்டிலேயே ஒத்திகை அறை வைத்திருப்பவரின் நண்பர்கள் நாற்பது பேர் வந்து மேசைகளை நிரப்புவார்கள். முதல் குழுவுக்கு அன்றைய ஆட்டோ, ஒத்திகை அறை வாடகை, விட்டுக்கொடுத்த பகுதிநேர வேலை எல்லாம் கைக்காசு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இங்கே உழக்கையும் உழுதவனே கொண்டுவர வேண்டியிருக்கிறது. நான்கு இரவுகளுக்குப் பிறகு யார் ஏணியில் ஏறுவார்கள், யார் கிட்டாரை விற்பார்கள் என்று கணிக்க ஆய்வு தேவையில்லை.

இந்த வடிகட்டல் மொழியிலும் தெரிகிறது. இந்திய மொழிகளில் ராக் பாட முடியுமா என்ற கேள்விக்குக் கொல்கத்தாவின் மோஹினெர் கோராகுலி 1975லேயே வங்காளத்தில் விடையளித்துவிட்டது. மலையாளத்தில் அவியல், கன்னடத்திலும் இந்தியிலும் ஸ்வராத்மா ஆகிய குழுக்கள் பின்னர் அதையே உறுதிசெய்தன. அப்படியிருந்தும் பெருநகரக் கிளப் மேடைகளில் ஆங்கிலம் இவ்வளவு இயல்பாக அமர்ந்திருப்பதற்குக் கேட்பவர்களின் ரசனை மட்டுமே காரணம் என்பது வசதியான விளக்கம். கூலியில்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் வாசிக்கக்கூடியவர்கள் எந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள், அந்த வீடுகளின் மொழி எது என்றும் கேட்க வேண்டும். கானா பாடகர்களையும் ராக், ராப் கலைஞர்களையும் ஒன்றிணைத்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக மேடையேறியபோது, அது கிளப் ஏணியின் படிகளில் ஏறி வந்த குழு அன்று. பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில், வெளியிலிருந்து ஒரு மேடை கட்டப்பட வேண்டியிருந்தது. சாதியைப் பற்றிப் பாடும் குழுவுக்குக் கிளப் ஏணி பயன்படவில்லை என்றால், அந்த ஏணி எதை வடிகட்டுகிறது என்பது தெளிவு.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதில் உண்மையும் உண்டு. சிறு கிளப் முதலாளி செல்வந்தர் அல்லர். வாடகை, உரிமம், சம்பளம் போக அவரிடம் என்ன இருக்கிறது? மும்பையின் ப்ளூ ஃபிராக் 2007இல் தொடங்கி 2016இல் மூடப்பட்டது. பெங்களூரின் ஹம்மிங் ட்ரீ 2013இல் தொடங்கி 2019இல் மூடப்பட்டது. பெங்களூரில் அரசின் பங்கும் இருந்தது. கர்நாடகத்தில் ‘லைவ் பேண்ட்’ என்னும் தொடர் நெடுங்காலம் பெண்கள் நடனமாடும் பார்களைக் குறிக்கும் இடக்கரடக்கலாக வழங்கியது. அவற்றைக் கட்டுப்படுத்தும் நோக்கில் வந்த 2005ஆம் ஆண்டு உரிம ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் செல்லும் என்றது. அதன்பின் காவல்துறை உரிமம் கேட்டபோது, கிட்டார் வாசிக்கும் நால்வரும் அதே ‘லைவ் பேண்ட்’ ஆனார்கள். பழைய கட்டடங்களில் இருந்த பல பப்புகளால் கேட்கப்பட்ட சான்றிதழ்களைக் காட்ட முடியவில்லை. அந்த ஆண்டு நகரத்தின் பல மேடைகளில் நேரடி இசை நின்றது. ஒரு சொல்லின் பொருள் மயக்கம் ஒரு நகரத்தின் இசையை முடக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வகுப்பறைக்குக் கிடைக்காது.

ஆகவே கிளப்புகள் நெருக்கடியில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதே கிளப்பில் மின்சாரத்துக்குப் பணம் கட்டப்படுகிறது. சமையற்காரருக்கும் வாசற்காவலருக்கும் சம்பளம் தரப்படுகிறது. பீர் நிறுவனத்திடம் ‘உங்கள் பீருக்கு எங்கள் மேசையில் இடம் கொடுக்கிறோம்’ என்று சொல்லிச் சரக்கை இலவசமாகப் பெறுவதில்லை. நெருக்கடியின் பாரம் இறங்குமிடம் எப்போதும் பேரம் பேச இயலாதவர்களின் தோளாகவே இருக்கிறது. நெருக்கடி உண்மையானது என்றால் அதற்கான பணம் மேலிருந்து வர வேண்டும், கீழிருந்து உறிஞ்சப்படக்கூடாது.

மேலே பணம் இல்லாமலில்லை. 2025 ஜனவரியில் அகமதாபாத் நரேந்திர மோடி விளையாட்டரங்கில் கோல்ட்பிளே குழு இரண்டு இரவுகள் வாசித்தது. ஒவ்வோர் இரவும் லட்சம் பேருக்கு மேல் கூடினர். அடுத்த சில நாட்களில் புவனேஸ்வரத்தில் பேசிய பிரதமர், இந்தியாவில் ‘கான்சர்ட் எகானமி’க்கு உள்ள வாய்ப்பைப் பற்றிக் குறிப்பிட்டார். அன்றிலிருந்து அத்தொடர் கருத்தரங்குகளிலும் தலையங்கங்களிலும் உலவுகிறது. விளையாட்டரங்கில் வாசிக்கும் குழு விளையாட்டரங்கில் பிறப்பதில்லை. பிரான்சில் 2020 முதல் இயங்கும் தேசிய இசை மையம், இசை நிகழ்ச்சி டிக்கெட் வருவாயில் 3.5 விழுக்காட்டு வரியைப் பெற்று அத்துறைக்கே திருப்பிவிடுகிறது. பிரிட்டனில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 125 சிற்றரங்குகள் மூடப்பட்டன அல்லது நேரடி இசையைக் கைவிட்டன என மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குக் காட்டியது. பெரிய அரங்குகளின் டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு என்னும் அதன் கோரிக்கை பல ஆண்டுகள் கேலி செய்யப்பட்டு, 2024இல் நாடாளுமன்றக் குழு அத்தகைய தீர்வைக்கு ஆதரவு தெரிவிக்கும் நிலைக்கு வந்தது. இந்தியாவில் கான்சர்ட் எகானமி பற்றிப் பேசுபவர்கள் இந்த முதல் படியைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. விளையாட்டரங்க டிக்கெட் ஒன்றுக்குச் சில ரூபாய் என்னும் தீர்வை, சிற்றரங்குகளில் முதலில் வாசிப்பவர்களுக்கு உறுதியளிக்கப்பட்ட தொகையாக மாறுவதற்குத் தடையாக இருப்பது பணமில்லாமை அன்று.

இன்னொரு மறுப்பு கலைத்தனமானது. யாரும் கேட்காத குழுவுக்கு எதற்குக் கூலி? கவனத்தை ஈர்ப்பது குழுவின் பொறுப்பு அல்லவா? மேற்சொன்ன பைர்னின் பட்டியலிலேயே, தேவைப்படும்போது குழுவைப் பொருட்படுத்தாமல் இருக்கவும் பார்வையாளருக்கு இடம் வேண்டும் என்ற கருத்து உண்டு. அது சரியே. கவனம் கட்டாயப்படுத்திப் பெறும் பொருள் அன்று. சென்னைச் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்கு நடக்கும் ரசிகர்களை எந்த விதியாலும் நிறுத்த முடியாது. கிளப்பில் ஓப்பனிங் பேண்ட் வாசிக்கும்போது வாசலில் புகைத்துக்கொண்டு நிற்பவர்களையும் நிறுத்த முடியாது. ஆனால் ரசிகர் எழுந்து போய்விட்டார் என்பதற்காக மிருதங்கக் கலைஞரின் சன்மானத்தை யாரும் பிடித்துக்கொள்வதில்லை. கவனம் ரசிகரின் விருப்பம். கூலி அமைப்பாளரின் கடமை. இரண்டையும் குழப்புவதால்தான், கூலி கேட்கும் குழு கைத்தட்டலுக்கு ஏங்கும் குழுவாகச் சித்தரிக்கப்படுகிறது.

பல்கலைக்கழகங்கள் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ணிவிடக்கூடாது. கல்லூரி விழாக்களில் முதன்மைக் குழுவுக்கு லட்சங்களில் தொகை பேசப்படுகிறது. அவர்களுக்கு முன்னால் வாசிப்பவர்களோ பெரும்பாலும் மாணவர் குழுக்களுக்கான போட்டியில் வென்றவர்கள். அந்த வாய்ப்பே அவர்களுக்குப் பரிசு. வேலை பரிசாக மாற்றப்பட்டுவிட்டால் அதற்குக் கூலி கேட்பது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும். அறிவுத்துறையினருக்கு இந்தச் சூத்திரம் புதிதன்று. ‘கற்பித்தல் அனுபவம் கிடைக்கும்’ என்று சொல்லி ஆய்வு மாணவரிடம் வகுப்புகளை ஒப்படைப்பதும், கௌரவ விரிவுரையாளரின் பெயரிலேயே கௌரவத்தை வைத்துவிட்டு ஊதியத்தைக் குறைப்பதும் அதே இலக்கணத்தில் அமைந்த வாக்கியங்கள். அவற்றைக் கண்டித்து அறிக்கை எழுதுபவர்களே மாலையில் கிளப்புக்குப் போய், பத்து மணிக்கு மேல் நுழைந்து, ‘முதலில் யார் வாசித்தார்கள்?’ என்றுகூடக் கேட்காமல் திரும்புகிறார்கள். பின்னர் கிளப் மூடப்படும்போது இரங்கல் கட்டுரை எழுதுகிறார்கள்.

வளாகங்களால் இன்னொன்றும் செய்ய முடியும். டெல்லியில் மது அருந்தச் சட்டப்படியான வயது 25. முதுகலை மாணவருக்கு வயது 22 அல்லது 23. மது விற்பனையை நம்பிப் பிழைக்கும் மேடையில், புதிய குழுவின் இயல்பான ரசிகர்கள் வாசலிலேயே தடைப்படுகிறார்கள். 1980இல் வாஷிங்டனின் 9:30 கிளப்பில் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு எளியது. வயது குறைந்தவர்களின் கையில் பெருக்கல் குறியிட்டு உள்ளே விட்டார்கள். குறி உள்ளவருக்கு மது இல்லை, இசை உண்டு. பெர்க்லியில் 1986 டிசம்பர் 31 அன்று தொடங்கிய 924 கில்மன், மதுவே இல்லாமல், எல்லா வயதினருக்குமான கூடமாக, தொண்டர்களால் இன்றுவரை நடத்தப்படுகிறது. கிரீன் டே தன் தொடக்க நாட்களில் வாசித்த கூடம் அது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாலை ஆறு மணிக்குமேல் பூட்டிக் கிடக்கும் கருத்தரங்கக் கூடங்கள் எத்தனையோ. மது இல்லாத, குறைந்த கட்டணமுள்ள, உள்ளூர் மொழியில் பாடும் குழுவுக்கும் இடமுள்ள ஒரு மாலையை நடத்துவதற்கு ஒலிபெருக்கியும், பொறுப்பேற்கும் ஒரு துறையும், சிறிய தொகை ஒன்றும் போதும்.

வேண்டுவன இவை. ஓப்பனிங் பேண்டின் பெயரும் அது தொடங்கும் நேரமும் சுவரொட்டியில் அச்சிடப்பட வேண்டும். அதற்குரிய தொகை அழைப்பிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை பேரைக் கூட்டி வருவீர்கள் என்ற கேள்வி அந்தத் தொகையைத் தொடக்கூடாது. கூட்டம் சேர்ப்பது அமைப்பாளரின் தொழில். சவுண்ட் செக்கில் அவர்களுக்கென ஒதுக்கிய நேரத்தை வேறெவரும் எடுத்துக்கொள்ளலாகாது. தன் முன்னால் வாசிப்பவர்களுக்கு என்ன தரப்படுகிறது என்று கேட்காமல் முதன்மைக் குழு ஒப்பந்தத்தில் கையெழுத்திடக்கூடாது. பேரம் பேசும் வலிமை அந்த இரவில் அவர்களிடமே இருக்கிறது. கல்லூரி விழாக்குழுக்கள் முதன்மைக் குழுவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் போட்டியில் வென்ற குழுவுக்குச் சம்பளமாக எழுதலாம். அடுத்த விழாவிலேயே இதைத் தொடங்கலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இவற்றில் எதுவும் புரட்சியன்று. 1960இல் ஹாம்பர்க்கின் ஒரு மலிவான கிளப் முதலாளி செய்ததைவிட இவை அதிகமும் அல்ல.